காணாமற்போன தம்பி: யாருடைய மாதிரியைக் கொடுப்பது?

கேள்வி: என் தம்பி 23 ஆண்டுகளுக்கு முன், 19 வயதில், வேலை தேடிப் போனவன் திரும்பவே இல்லை. அப்பா காலமாகிவிட்டார். அம்மாவுக்கு இப்போது 78. அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, இருக்கிறார். எனக்கு ஓர் அக்காவும் உண்டு. 12 ஆண்டுகளுக்கு முன் காவல்துறையினர் வந்து என்னிடம் மட்டும் ரத்தம் எடுத்துப் போனார்கள். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. பல்லாண்டு பெயரில்லாமல் கிடந்த எலும்புக்கூடுகளுக்கு வம்சாவளி டி.என்.ஏ மூலம் பெயர் கிடைத்ததாகச் செய்திகளில் படிக்கிறேன். வீட்டுக்கே வரும் டி.என்.ஏ பெட்டியை வாங்கி எச்சில் அனுப்பினால் போதுமா? என் ரத்தம்தான் ஏற்கெனவே இருக்கிறதே, இது வேறு எதற்கு? எலும்பு கிடைத்தும் ‘டி.என்.ஏ எடுக்க முடியவில்லை’ என்று சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்ததா?
— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் பிறகு. முதலில் அம்மாவின் மாதிரியைப் பதிய ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான்: அம்மா இருக்கும்போது உங்களிடம் மட்டும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

காவல்துறை ஆய்வகங்கள் வழக்கமாகப் பார்ப்பது எஸ்.டி.ஆர் என்ற குறிகளை. டி.என்.ஏ-வில் சில இடங்களில் ஒரு சிறு துணுக்கு திரும்பத் திரும்ப வரும். அது எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அப்படி ஒவ்வோர் இடத்திலும் நமக்கு இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது. தாயையும் பிள்ளையையும் ஒப்பிட்டால் எல்லா இடங்களிலும் குறைந்தது ஓர் எண்ணாவது ஒத்திருக்க வேண்டும். அரிதாக ஓரிடத்தில் மரபணு மாற்றத்தால் பிசகலாம். நாலைந்து இடங்களில் பிசகினால் அது அந்தத் தாயின் பிள்ளை இல்லை என்று சொல்லிவிடலாம். அக்கா தம்பிக்குள் இந்த உறுதி கிடையாது. ஓரிடத்தில் இரண்டு எண்களுமே ஒத்துவர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒன்றுகூட ஒத்துவராமல் போகவும் அதே நான்கில் ஒரு பங்கு. இதனால், உடன்பிறந்தவர் ஒருவரை மட்டும் வைத்து ஆயிரக்கணக்கான எலும்புகளுக்கு நடுவே தேடினால் இரண்டு விதத்திலும் தவறு நேர்கிறது. உண்மையான தம்பி போதிய மதிப்பு பெறாமல் பட்டியலின் அடியில் போய்விடலாம். சம்பந்தமே இல்லாத ஒருவர் தற்செயலாக மேலே வந்து நிற்கலாம்.

அம்மாவோடு நீங்களும் அக்காவும் சேர்ந்தால் நிலைமையே வேறு. உங்கள் இருவரில் யாரிடமாவது காணப்பட்டு, அம்மாவிடம் இல்லாத எண்களெல்லாம் அப்பாவுடையவை. மறைந்துவிட்ட அப்பாவின் பட்டியலில் பெரும்பகுதியை இப்படித் திரும்பக் கட்டிவிடலாம். சித்தப்பாவிடம் இன்னொரு பொக்கிஷம் இருக்கிறது: ஒய் குரோமோசோம். அது தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் போவது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தம்பிக்கும் ஒன்றேதான். பெண்களான உங்களிடம் அது கிடையாது. தாய்வழியாக வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ அம்மாவிடம், அக்காவிடம், உங்களிடம், தம்பியிடம் ஒரே மாதிரி இருக்கும். ஆக, நான்கு பேர்: அம்மா, அக்கா, நீங்கள், சித்தப்பா. கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்த பஞ்சுக்குச்சியே போதும்; ரத்தம் தேவையில்லை. இவர்களில் யாருக்காவது எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்களுடைய ரத்தத்திலும் எச்சிலிலும் கொடையாளியின் டி.என்.ஏ கலந்து வந்து ஒப்பீட்டைத் திசை திருப்பிவிடும். அப்பாவும் அம்மாவும் திருமணத்துக்கு முன்பே ரத்த உறவினர் என்றால் அதையும் ஆய்வகத்துக்குச் சொல்ல வேண்டும். உறவுக் கணக்கு அதற்கேற்ப மாறும்.

மாதிரி கொடுத்தால் தம்பி இறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று அம்மா தயங்கலாம். அப்படி இல்லை. தன் பெயர் சொல்ல முடியாத நிலையில் மருத்துவமனையிலோ காப்பகத்திலோ இருக்கும் ஒருவரை அடையாளம் காணவும் இதே மாதிரி பயன்படும். பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில், குடும்பத்தாரின் மாதிரி காணாமற்போனவரைத் தேட மட்டுமே பயன்படும், குற்ற வழக்குகளோடு ஒப்பிடப்படாது என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரக் கேளுங்கள்.

உங்கள் பழைய ரத்த மாதிரி விஷயத்துக்கு வருகிறேன். அது இருக்கிறது என்பதாலேயே தேடப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். வழக்கு அதிகாரிக்கு எழுத்து மூலம் நான்கு கேள்விகள் அனுப்புங்கள். மாதிரியின் பதிவு எண் என்ன? எத்தனை இடங்களில், எந்தெந்தச் சோதனை செய்யப்பட்டது? எந்தத் தரவுத்தளத்தில் ஏற்றப்பட்டது? கடைசியாக எப்போது ஒப்பிடப்பட்டது? இதில் இரண்டாவது கேள்வி மிக முக்கியம். அமெரிக்காவின் தேசியத் தரவுத்தளமே 2017 தொடக்கத்தில்தான் 13 இடங்களிலிருந்து 20 இடங்களுக்கு மாறியது. 12 ஆண்டுகளுக்கு முன் எடுத்த மாதிரியை அன்றைய குறைந்த இடங்களில் மட்டும் சோதித்திருக்கக்கூடும். உறவு ஒப்பீட்டில் ஒவ்வோர் இடமும் கணக்கை மாற்றும், அதனால் மறுசோதனை கேளுங்கள். மைட்டோகாண்ட்ரியா சோதனை செய்யவில்லை என்றால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். தம்பி வேறு நாட்டுக்குப் போயிருக்க வாய்ப்பு இருந்தால், இன்டர்போல் 2021-இல் தொடங்கிய ஐ-ஃபமிலியா என்ற தரவுத்தளம் குடும்பத்தாரின் டி.என்.ஏ-வை வெளிநாடுகளில் கிடைத்த பெயரில்லாத சடலங்களோடு ஒப்பிடுகிறது. தனியாள் நேராக விண்ணப்பிக்க முடியாது. உங்கள் நாட்டின் இன்டர்போல் மையப் பிரிவு வழியாகக் காவல்துறைதான் அனுப்ப வேண்டும்.

இனி வீட்டுக்கு வரும் பெட்டி. பெரும்பாலான குடும்பங்கள் குழம்புவது இங்கேதான். காவல்துறை வைத்திருப்பது இருபது சொச்சம் எஸ்.டி.ஆர் எண்கள். வம்சாவளி நிறுவனங்கள் படிப்பது, டி.என்.ஏ என்ற நீண்ட எழுத்து வரிசையில் ஆளுக்கு ஆள் மாறும் ஸ்னிப் என்ற ஒற்றை எழுத்து மாற்றங்களை, ஆறு ஏழு லட்சம் இடங்களில். இரண்டும் ஒரே உடலிலிருந்து வந்தாலும் ஒன்றை மற்றதோடு நேரடியாக ஒப்பிட வழியில்லை. காவல்துறையிடம் உள்ள உங்கள் ரத்தத்தின் விவரம் வம்சாவளித் தளத்தில் தெரியாது. நீங்கள் எச்சில் அனுப்பியது காவல்துறைத் தரவுத்தளத்தில் தெரியாது. தம்பியின் எலும்பு எங்காவது இருந்து, எந்த ஆய்வகம் எந்த வழியில் போகும் என்பது நமக்குத் தெரியாத நிலையில், இரண்டு பக்கமும் உங்கள் குடும்பம் பதிவாகியிருப்பது நல்லது. ஆனால் வரிசை மாறக்கூடாது. எஸ்.டி.ஆர் பதிவு முதலில், வம்சாவளி பிறகு.

வம்சாவளித் தேடல் நடக்கும் விதம் தெரிந்தால் காரணம் புரியும். எலும்பிலிருந்து ஸ்னிப் விவரத்தை எடுத்து, காவல்துறைப் பயன்பாட்டை அனுமதிக்கும் தளங்களில் ஏற்றுகிறார்கள். அவற்றில் முதன்மையானவை ஜெட்மேட்ச், ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ. இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் பதிந்திருக்கும் ஆன்செஸ்ட்ரி தன் தளத்தில் இதை அனுமதிப்பதில்லை. ட்வென்டிதிரீ அண்ட் மீ-யும் அப்படித்தான். ஏற்றியதும் உறவினர் பட்டியல் வரும். ஒவ்வொருவரோடும் எவ்வளவு டி.என்.ஏ பொது என்பதைச் சென்டிமார்கன் என்ற அளவில் காட்டும். உடன்பிறந்தவர் என்றால் சராசரி 2,600 அளவில் இருக்கும். ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் என்றால் 866, கொள்ளுத்தாத்தா வழி உறவு என்றால் 229. எள்ளுத்தாத்தா வழி என்றால் 73 தான். பத்தில் ஒரு ஜோடிக்கு எதுவுமே பொதுவாக இல்லாமலும் போகும். ஒவ்வோர் உறவுக்கும் வீச்சு பெரிது என்பதால் ஓர் எண்ணைப் பார்த்ததும் இன்ன உறவு என்று சொல்லிவிட முடியாது.

பட்டியலில் வந்தவர் எள்ளுத்தாத்தா வழி உறவு என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அந்தத் தலைமுறையில் எட்டுத் தம்பதிகள். அவர்களில் ஒரு தம்பதிதான் பெயரில்லாதவருக்கும் மூதாதையர். எந்தத் தம்பதி என்று தெரியாததால் எட்டுக் கிளைகளையும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைக் கொண்டு மேலே கட்டிப் போய், பிறகு கீழே இறக்கிக்கொண்டு வர வேண்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இன்னொரு உறவினரின் மரத்தையும் அதேபோல் கட்டுவார்கள். முதல் மரத்தின் சந்ததியில் ஒருவரும் இரண்டாம் மரத்தின் சந்ததியில் ஒருவரும் மணம் செய்துகொண்ட இடம் கிடைத்துவிட்டால், தேடுகிற ஆள் பெரும்பாலும் அந்தத் தம்பதியின் பிள்ளை அல்லது பேரப்பிள்ளை. அங்கேயும் வேலை முடிவதில்லை. வம்சாவளி தருவது ஒரு துப்பு மட்டுமே. அந்தக் குடும்பத்தில் உயிரோடு இருக்கும் நெருங்கிய ஒருவரின் மாதிரியை வாங்கி எலும்போடு நேருக்கு நேர் ஒப்பிட்ட பிறகுதான் பெயரை அறிவிக்கலாம்.

எலும்பின் தரம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் தரவுத்தளத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும். 1981-இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் கிடைத்த ஓர் இளம்பெண்ணின் உடல் 37 ஆண்டுகள் பெயரில்லாமல் இருந்தது. டி.என்.ஏ டோ ப்ராஜெக்ட் என்ற தன்னார்வ அமைப்பு 2018-இல் அவருடைய விவரத்தை ஜெட்மேட்ச்சில் ஏற்றியபோது, நெருங்கிய உறவினர் ஒருவர் ஏற்கெனவே அங்கே இருந்ததால் சில மணி நேரத்திலேயே பெயர் கிடைத்துவிட்டது. உறவினர் யாரும் இல்லாத தளத்தில் எவ்வளவு நல்ல டி.என்.ஏ-வும் பதிலில்லாமல் கிடக்கும். இப்போதைய தளங்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். 2018-இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி, ஒரு மக்கள் கூட்டத்தில் வெறும் 2 சதவீதத்தினர் பதிந்திருந்தாலே அந்தக் கூட்டத்தில் ஏறத்தாழ எல்லோருக்கும் எள்ளுத்தாத்தா வழி அளவிலாவது ஓர் உறவு கிடைத்துவிடும். மற்ற பல மக்கள் இந்த 2 சதவீதத்துக்கு அருகில்கூட வரவில்லை. அதனால்தான் உங்கள் வீட்டுப் பதிவுக்கு மதிப்பு அதிகம். தூரத்து உறவுகளைக் கோத்து மாதக்கணக்கில் மரம் கட்ட வேண்டிய இடத்தில் ‘உடன்பிறந்தவர், 2,600’ என்று ஒரே வரி வந்து நிற்கும்.

தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே மணம் நடந்த குடும்பங்களில் ஒரு சிக்கல் உண்டு. பல வழிகளில் வந்த சின்னச் சின்னத் துண்டுகள் சேர்ந்து மொத்தத்தைப் பெருக்கிக் காட்டும். ஆறேழு தலைமுறைக்கு அப்பாலுள்ள உறவு கொள்ளுத்தாத்தா வழி உறவு போலத் தோன்றும். அங்கே மொத்தத்தைவிட, மிக நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதைக் கவனிக்காமல் மரம் கட்டினால் தவறான கிளையில் ஓராண்டு வீணாகும்.

செய்முறை இது. எச்சில் குழாய் என்றால் அரை மணி நேரம் முன்பிருந்து உண்ணவோ குடிக்கவோ கூடாது. நுரையைக் கணக்கில் சேர்க்காமல் குறியிட்ட கோடு வரை எச்சில் வர வேண்டும். வயதானவர்களுக்கு வாய் உலர்ந்திருப்பதால் மாதிரி போதாமல் திரும்பி வருவது சாதாரணம். அம்மாவுக்குக் கன்னத்தைத் துடைக்கும் குச்சி தரும் நிறுவனத்தையே தேர்ந்தெடுங்கள். முடிவு வந்ததும் மூலத் தரவுக் கோப்பைப் பதிவிறக்கி ஜெட்மேட்ச்சில் ஏற்றுங்கள். தனிப்பட்டது என்று குறித்தால் அது யாரோடும் ஒப்பிடப்படாது. பொது என்று குறிக்க வேண்டும். பொதுப் பதிவுகளிலேயே குற்ற விசாரணைக்குச் சம்மதம், சம்மதமில்லை என்று இரண்டு வகை உண்டு. 2021 ஜனவரி முதல், சம்மதமில்லை என்று குறித்தவர்களின் பதிவும் பெயரில்லாத சடலங்களோடு ஒப்பிடப்படுகிறது. தம்பியைத் தேட அதுவே போதும். குற்ற விசாரணைக்கும் சம்மதிப்பதா என்பதைக் குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். உங்கள் கோப்பு உங்கள் உறவினர்களையும் ஓரளவு வெளிப்படுத்தும். 2020 ஜூலையில் அந்தத் தளத்துக்குள் யாரோ புகுந்து சில மணி நேரம் எல்லோருடைய விருப்பக் குறிகளையும் மாற்றிவிட்டதும் நடந்திருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: யார் யாருக்குப் பிறந்தவர் என்பதில் வீட்டில் யாரும் அறியாத செய்தி வெளிவரலாம். அதைத் தாங்க முடியுமா என்று நால்வரும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பிரான்ஸ் போலச் சில நாடுகளில் இந்தப் பெட்டிகளுக்கே சட்டத் தடை உண்டு. உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

‘டி.என்.ஏ எடுக்க முடியவில்லை’ என்ற வாசகத்துக்கு வருகிறேன். அதன் பொருள் பெரும்பாலும், எஸ்.டி.ஆர் எண்கள் கிடைக்கவில்லை என்பதுதான். எஸ்.டி.ஆர் படிக்க, ஏறத்தாழ 100 முதல் 450 எழுத்து நீளமுள்ள, உடையாத துண்டுகள் வேண்டும். சூடு, ஈரம், அமில மண் ஆகியவற்றில் கிடந்த எலும்பில் டி.என்.ஏ அதைவிடச் சிறிதாக நொறுங்கியிருக்கும். நீளமான குறிகள் முதலில் மறையும், குட்டையானவை மட்டும் மிஞ்சும். ஸ்னிப் படிக்க ஐம்பது அறுபது எழுத்துத் துண்டுகளே போதும். உடலின் ஒவ்வொரு செல்லிலும் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பிரதிகள் இருப்பதால் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ-வும் தப்பிப் பிழைக்கும். ஆனால் தாய்வழியில் எல்லோருக்கும் அது ஒன்றே என்பதால், ஒருவரை விலக்க உதவுமே தவிர, தனியாக நின்று பெயர் சொல்லாது.

எந்த எலும்பை எடுத்தார்கள் என்று கேளுங்கள். விலா எலும்பில் தோற்ற சோதனை, காதின் உட்புறத்தைச் சுற்றியுள்ள பாறை போன்ற எலும்பில் வெற்றி பெறலாம். உடலிலேயே மிகக் கெட்டியான எலும்பு அது. அடுத்தது கடைவாய்ப் பல்லின் வேர், பிறகு தொடை எலும்பின் நடுத்தண்டு. மேற்பரப்பைச் சுரண்டி, தொட்டவர்களின் டி.என்.ஏ-வை நீக்கி, சூடேறாதபடி திரவ நைட்ரஜனில் குளிர்வித்து அரைப்பார்கள். துளைக்கருவியின் சூடே மிச்சமிருப்பதை அழித்துவிடும். அரை கிராம் பொடி போதும், காது எலும்பானால் அதற்கும் குறைவு. கால்சியத்தைக் கரைத்து வெளிவருவதில் பெரும்பகுதி மண் பாக்டீரியாவின் டி.என்.ஏ-வாக இருக்கும். அதனால்தான் வீட்டுப் பெட்டி மாதிரிகளைப் படிக்கும் சில்லு (சிப்) எலும்புக்குச் சரிவராது; முழு மரபணுத் தொகுதியையும் படிப்பார்கள், அல்லது மனிதத் துண்டுகளை மட்டும் தூண்டில் போட்டுப் பிடிப்பார்கள். அரைகுறைத் தரவில் ஓரிடத்தில் தாயும் தந்தையும் தந்த இரண்டு எழுத்துகளில் ஒன்று விடுபட்டு, பொய் உறவுகள் முளைக்கும். கவனமான ஆய்வகம் அப்போது சிறு துண்டுகளை ஒதுக்கிவிட்டுப் பெரிய பொருத்தங்களை மட்டும் நம்பும்.

உண்மையிலேயே கைவிட வேண்டிய நிலைகளும் உண்டு. வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ எரிந்துபோன எலும்பில் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. கருகிப் பழுப்பான எலும்பில் முயலலாம். சதையை நீக்க எலும்பை வேகவைத்திருந்தால், வெளுப்புக் கரைசலில் ஊறவைத்திருந்தால், ஃபார்மலினில் போட்டிருந்தால் வாய்ப்பு வெகுவாகக் குறையும். முடி மட்டும் மிஞ்சியிருந்தாலும் விடாதீர்கள். வேரில்லாத முடியிலிருந்தும் இப்போது ஸ்னிப் எடுக்க முடிகிறது. பிலடெல்பியாவில் 1957-இல் பெட்டிக்குள் கிடைத்த சிறுவனின் உடலை 1998-இலும் 2019-இலும் தோண்டியெடுத்தார்கள். பெயர் அறிவிக்கப்பட்டது 2022 டிசம்பரில். ஆகவே தோற்ற சோதனைக்குப் பின் எலும்பை எரித்துவிடவோ பொதுக்குழியில் போடவோ கூடாது, தனிப் பெட்டியில், உலர்ந்த நிலையில் வைக்க வேண்டும் என்று எழுத்து மூலம் கேளுங்கள்.

வீட்டில் தம்பியின் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பால் பல், உலர்ந்த தொப்புள்கொடித் துண்டு, வேரோடு முடி சிக்கிய சீப்பு, மருத்துவமனையில் எப்போதாவது சோதனைக்கு எடுத்துப் பாதுகாத்துவைத்த திசுத் துண்டு, இவற்றில் எது கிடைத்தாலும் அது தம்பியின் சொந்த டி.என்.ஏ. கழுவ வேண்டாம். பிளாஸ்டிக் பையில் போட வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். காகித உறையில் வைத்து, யார் எடுத்தது, எங்கிருந்து எடுத்தது என்று எழுதுங்கள். பிறர் பயன்படுத்திய பொருள் என்றால் அதையும் மறைக்காமல் குறியுங்கள். அப்பாவின் திசுத் துண்டு அப்படி எங்காவது இருந்தால் அதுவும் பயன்படும். பல் மருத்துவரின் எக்ஸ்ரே, எலும்பு முறிவுக்கு எடுத்த எக்ஸ்ரே, பொருத்திய உலோகத் தகட்டின் எண், கைரேகை உள்ள ஆவணம் எல்லாவற்றையும் வழக்குக் கோப்பில் சேருங்கள். கைரேகையும் பல்லும் டி.என்.ஏ-வுக்கு இணையான முதன்மை அடையாளங்கள். மருத்துவமனைகள் பழைய படங்களை அழித்துவிடுவதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒருநாள் பொருத்தம் என்று தகவல் வந்தால், உடலை ஏற்றுக்கொள்ளும் முன் அறிக்கையைக் கையில் வாங்குங்கள். எந்த எலும்பு, குடும்பத்தில் யாரோடு ஒப்பிட்டார்கள், நிகழ்தகவு எவ்வளவு என்று பாருங்கள். 1995-இல் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்த படுகொலையில் இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் 7,000 பேருக்கு அருகில் டி.என்.ஏ-வால் அடையாளம் கண்டது காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணையம். உறவினர்களைத் தேடித் தேடிப் போய் ரத்தம் சேகரித்ததால்தான் அது நடந்தது. அங்கே 99.95 சதவீதத்துக்குக் குறைந்தால் பொருத்தம் என்று ஏற்பதில்லை. உங்கள் அறிக்கையில் எண் அதைவிடக் குறைவாக இருந்தால், இன்னொரு உறவினரின் மாதிரியைச் சேர்த்து மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள்.

அங்கே பல குடும்பங்களுக்கு ஒரே ஓர் எலும்புதான் முதலில் கிடைத்தது. மீதி வேறு புதைகுழிகளில், ஆண்டுகள் கழித்து. கிடைத்ததை வைத்து இறுதிக் கடனைச் செய்வதா, மீதிக்குக் காத்திருப்பதா, பிறகு கிடைப்பதை ஒவ்வொரு முறையும் தெரிவிக்க வேண்டுமா என்று படிவத்தில் ஒரு கேள்வி உங்களிடமும் வரலாம். அம்மா என்ன விரும்புகிறார் என்பதை, மாதிரி கொடுக்கப் போகும் நாளிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.